காத்தடிச்சியளா, கூட்டுனியளா?

மாட்டுத்தீவன மில்லுல ஃபிட்டர் வேலைன்னா பாதி நேரம் மெஷினோட மல்லுக்கட்டு, மீதி நேரம் மக்காச்சோளத் தூசியோட மல்லுக்கட்டு. மூக்குல துண்டைக் கட்டிக்கிட்டு இருமுற நம்ம ஆட்களுக்கு நான் சொல்லுதது புரியும்.

சூடம்

எங்க மில்லு சங்கரன்கோவில் பக்கம். ஆயுத பூஜை அன்னைக்கு முதலாளி அரவை மெஷின் முன்னால சூடத்தைப் பொருத்தப் போனார். மேல இரும்பு உத்தரத்துல விரக்கடை கனத்துக்குத் தூசி. அது பறக்கும்போது பொறி பட்டா பெட்ரோல் கணக்கா பத்தும்னு சொல்லி, தட்டோட அவரை வாசலுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். அவருக்கு முகமே சரியில்ல.

“மெஷினு உள்ள கெடக்கு, சூடத்தை ரோட்டுக்கா காட்டச் சொல்லுத?”

ரெண்டு பொட்டு

அம்புட்டு பேசின நானே கோட்டை விட்டது இது. சோளம் ஏத்துற குழாய் விரிஞ்சுபோச்சு. கரிவலத்துல இருந்து வெல்டர் செல்லையா வந்தான். ரெண்டு பொட்டு வெல்டிங் வச்சா முடிஞ்சுது. சுத்தம் பண்ணித் தாரேன்னு ஏர் ஹோஸைப் பிடிச்சு உத்தரம், சுவர் எல்லாம் காத்தடிச்சேன். தரை பளிச்சுனு ஆயிட்டு. தூசி எங்க போச்சுன்னு நான் யோசிக்கல. அது எங்க தலைக்கு மேல காத்துலயே நின்னுச்சு.

செல்லையா பொறி தட்டினதும் பொம்முனு பத்திருச்சு. முகமூடி முகத்தைக் காப்பாத்திட்டு. கை ரெண்டும் வெந்துபோச்சு. அவனைத் தண்ணிக் குழாயடிக்கு இழுத்துட்டு ஓடினேன்.

“தீ எங்கன இருந்துச்சு அண்ணாச்சி? சுத்தமாத்தான இருந்துச்சு?”

இட்லி மாவு

ஆட்டோ வார வரைக்கும் பச்சத்தண்ணிய ஊத்திக்கிட்டே இருந்தோம். நான் கிளப்பிவிட்ட சோளமாவுத் தூசிதான் பத்துச்சுன்னு அவன்கிட்ட சொன்னேன். டீக்கடைக்காரர் கிண்ணத்துல இட்லி மாவோட ஓடிவந்தார், புண்ணுக்குக் குளிர்ச்சின்னு. வேண்டாம், தண்ணி போதும்னு தடுத்தேன். அந்த வலியிலயும் செல்லையா கிண்ணத்தை எட்டிப் பார்த்தான்.

“மாவாலதான் வெந்தேன், மறுபடியும் மாவா வே?”

விரல்

வலது கை விரல் மடங்க ஆரம்பிக்கவே ஏழு மாசம் ஆச்சு. வெல்டிங் ராடு பிடிக்க முடியாட்டி அவன் எப்படிப் பிழைப்பான்? அவன் வீட்டுக்குப் போறப்பல்லாம் கையைத்தான் பார்ப்பேன், முகத்தைப் பார்க்க முடியாது. தப்பு என்னோடது.

போன வாரம் அதே குழாய் திரும்ப விரிஞ்சுது. செல்லையாவே வந்தான். ரெண்டு விரல் இன்னும் முழுசா மடங்கல, ஆனா ராடு பிடிக்கான். கோபமா ஒரு வார்த்தை இல்ல. உள்ள மட்டும் வரல. பையைக் கீழ வைக்காம வாசல்லயே நின்னான்.

“அண்ணாச்சி, காத்தடிச்சியளா, கூட்டுனியளா?”

இந்த வருசம் ஆயுத பூஜைக்கு எங்க மில்லுல முதல் பொட்டு விளக்குமாத்துக்குத்தான், சூடம் ரோட்டுக்குத்தான்.