வாசலில் செருப்பைக் கழற்றிய வில்லன்

கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடத்தை மூடியிருந்த வருடம் என் அக்கா எங்களுக்கு ஓர் ஆட்டம் கற்றுக்கொடுத்தாள். ஆன்லைன் வகுப்புக்காக அப்பா வாங்கிக் கொடுத்த போனில் பார்த்துக் கற்றது. ஒருவர் கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் அதற்குள் வீரர்களாகவும் மந்திரவாதிகளாகவும் புகுந்துகொண்டு, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். சொன்னது நடக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். ஆளுக்குப் பத்து உயிர்; அடிபட அடிபடக் குறையும். இருபது பக்கம் உள்ள பகடைக்குச் சின்னசேலத்தில் எங்கே போவது? ஒன்றிலிருந்து இருபது வரை சீட்டு எழுதிச் சொம்பில் போட்டுக் குலுக்கினோம். கறாரான விதி ஒன்றே ஒன்றுதான். கதையை நடத்துகிறவள் ஆடுகிறவர்களுக்கு யோசனை சொல்லக் கூடாது.

எனக்குப் பன்னிரண்டு வயது. நான் வாள் வீராங்கனை. பெரியப்பா மகன் மந்திரவாதி. அவனுக்கு மந்திரத்தைவிடத் தீனியில்தான் கண். கல்வராயன் மலையையே அக்கா நோட்டில் வரைபடமாகப் போட்டிருந்தாள். மலை உச்சியில் ஒரு வித்தைப் பள்ளி. அங்கே படிக்கக் கிளம்பிய இளவரசியைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் வேலை. மரவள்ளிக் கொல்லை ஓரத்துப் புங்க மரத்தடியில் உட்கார்ந்தபடியே பத்து நாளில் பாதி மலை ஏறியிருந்தோம்.

அந்தப் பத்து நாளுக்குள் வீட்டில் இன்னொன்றும் நடந்தது. உளுந்தூர்பேட்டையிலிருந்து வந்து அக்காவைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். மாப்பிள்ளைக்கு ஹைவேயில் ஓட்டல். மரியாதையானவர், என்னைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசினார். கூட்டம் கூடக் கூடாது என்று அரசாங்கமே சொல்லிவிட்டதால் கல்யாணம் சிக்கனமாக முடிந்துவிடும் என்று அப்பாவுக்கு நிம்மதி. கூலி வேலையும் கிடைக்காத காலம் அது. அக்காவுக்குப் பதினாறு முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. பிளஸ் டூ புத்தகங்களுக்கு அட்டை போட்டு வைத்திருந்தாள். படிக்கணும் என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னாள். "அங்க போயி படியேன், யாரு வாணாங்கறது?" என்றாள் அம்மா. அதோடு பேச்சு முடிந்தது. எனக்கோ புதுப் பாவாடை கிடைக்கப் போகிற சந்தோஷம்.

ஆட்டத்தில் வில்லன் எப்போது வருவான் என்று அக்காவை நச்சரித்துக்கொண்டே இருந்தோம். பத்துத் தலையோடும் நெருப்பு கக்குகிற வாயோடும் வருவான் என்பது எங்கள் எதிர்பார்ப்பு. பதினோராம் நாள் மத்தியானம் அவன் வந்தான். தனியாக, நடந்தே வந்தான். கதையில் நாங்கள் போட்டிருந்த கூடாரத்து வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டான். சாம்பல் ராயன் என்று பெயர். அவனுக்காக அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அவன் சிரித்துக்கொண்டேதான் பேசினான்.

"ரொம்பக் களைச்சிப் பூட்டீங்க. ரெண்டு உயிருதான் மிச்சம் இருக்குது. பொண்ண எங்கூட அனுப்புங்க, ராணி மாரி வெச்சிக்கிறேன். ஒங்களுக்குக் குதுர, சோறு, முழு உயிரு எல்லாம் தரேன்."

"இன்னா சோறு?" என்றான் மந்திரவாதி.

"பிரியாணி."

அவன் கட்சி மாறிவிட்டான் என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் அக்காவிடம் கேட்டேன். "வாள உருவுனா எவ்ளோ வரணும்?"

"பதினாலு."

"வரலன்னா?"

"நீ செத்துருவ."

சொம்பு என் முன்னால்தான் இருந்தது. கையை விட்டு ஒரு சீட்டு எடுக்க வேண்டியதுதான். ஆனால் பத்து நாள் பாடுபட்டு வளர்த்த வீராங்கனையைச் சாகக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

"எளவரசி ஒங்களையே பாத்துக்கினு நிக்கிறா," என்றாள் அக்கா. இந்தத் தடவை அவளுடைய சொந்தக் குரலில். "இன்னா பண்றீங்க?"

"கூட்டிக்கினு போவட்டும். அவ அங்க போயி படிச்சிக்கட்டும், யாரு வாணாங்கறது?" என்றேன்.

அக்கா கேட்டாள்: "அவள ஒரு வார்த்த கேக்கலியா?"

யோசனை சொல்வது விதிக்கு விரோதம் என்று பெரியப்பா மகன் சண்டைக்கு வந்துவிட்டான். தப்புதான் என்று ஒத்துக்கொண்டு அக்கா நோட்டை மூடினாள். சாகாமல் தப்பித்த சந்தோஷத்தில் நாங்கள் இருவரும் குதித்தோம். ஜெயித்துவிட்டோமா என்று கேட்டதற்கு, ஜெயித்துவிட்டீர்கள் என்றுதான் சொன்னாள்.

மறுநாள் காலையில் அரசாங்க ஜீப்பில் இரண்டு ஆபீசர் அம்மாக்கள் வந்து இறங்கினார்கள். இந்த வீட்டில் சின்ன வயசுப் பெண்ணுக்குக் கல்யாணமாமே என்று விசாரித்தார்கள். ஆதார் கார்டு கேட்டார்கள். சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறது, வாங்கி வைக்கிறேன் என்று அப்பா புளுகினார். அக்காவைக் கேட்டார்கள். இந்தப் பக்கம் அப்பாவும் அந்தப் பக்கம் பெரியப்பாவும் நிற்க, அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர்களில் ஒருவர் என்னைக் குழாயடிக்குத் தனியாக அழைத்துப் போனார்.

"நெஜத்தச் சொல்லு பாப்பா. அக்காவுக்கு என்ன வயசு?"

"பத்தொம்போது. பள்ளிக்கூடத்த வுட்டு ரெண்டு வர்ஷம் ஆவுது."

யார் கேட்டாலும் பத்தொன்பது என்று சொல்ல அம்மா முன்பே பழக்கி வைத்திருந்தாள். இரண்டாவது வாக்கியம் என் சொந்தச் சரக்கு. அந்த அம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. நாளன்றைக்கு வருகிறோம், கார்டை எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு ஜீப் ஏறினார்கள். அடுத்த நாள் விடிந்ததும் ஒரு கோயிலில் வைத்து அக்காவுக்குத் தாலி கட்டியாயிற்று. கெட்டிக்காரி என்று பெரியப்பா என் கன்னத்தைத் தட்டினார். யாரோ வேண்டாதவன் போன் போட்டு மாட்டிவிடப் பார்த்திருக்கிறான் என்று அப்பா ஊரையே திட்டினார். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.

வண்டி ஏறும்போது அக்கா போனை என் கையில் கொடுத்தாள். "இனிமே ஒனக்குதான் கிளாசு," என்றாள். அன்று மத்தியானமே அதைக் குடைந்தேன். நாங்கள் இளவரசியைக் கொடுத்த நாளின் சாயங்காலத்தில், நாலே நாலு இலக்கம் உள்ள ஒரு நம்பருக்கு மூன்று தடவை கூப்பிட்டிருந்தாள். கஷ்டத்தில் இருக்கும் பிள்ளைகள் கூப்பிடச் சொல்லி எங்கள் பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருக்கும் நம்பர்தான் அது. அன்றைக்கு எனக்கு அது பிடிபடவில்லை. ரீசார்ஜ் செய்யச் சொல்கிற கம்பெனிக்காரன் நம்பராக இருக்கும் என்று நினைத்து, மூன்றையும் அழித்துவிட்டேன்.