என் பேரில் கேஸ் இருக்கிறதா

துபாயில் ஜெபல் அலி கேம்ப்பில் எங்கள் அறையில் எட்டுப் பேர் இருந்தோம். எட்டாவது ஆள் லீவில் ஊருக்குக் கிளம்பிப் போன மூன்றாம் நாள், அவர் விமானத்தில் ஏறவே இல்லை என்று செய்தி வந்தது. அதே விமானத்தில் போன அவருடைய பக்கத்து ஊர்க்காரர்தான் போனில் சொன்னார்.

"எனக்கு முன்னாடிதான் நின்னாரு. பாஸ்போர்ட்ட வாங்கிக் கம்ப்யூட்டர்ல தட்டுனான். இன்னொருத்தன் வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனான். திரும்பிக்கூடப் பாக்கல."

அவர் பெயரில் ஏதோ கேஸ் இருந்ததாம். அது அவருக்கே தெரியாதாம். யாரோ அவருடைய பாஸ்போர்ட் நகலைக் கொடுத்து சிம் கார்டு வாங்கி, அதிலிருந்து யாரையோ மிரட்டியிருக்கிறான் என்றார்கள். உண்மை எது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவருடைய இரும்பு அலமாரி பூட்டியபடியே இருந்தது. உள்ளே ஒரு பழைய போனை விட்டுப் போயிருந்தார். அவருக்கு இரவு டூட்டி என்பதால் சாயங்காலம் நாலு மணிக்கு அலாரம் வைத்திருப்பார். நாங்கள் வேலை முடிந்து அறைக்குள் நுழையும் நேரத்தில் அலமாரிக்குள் அது அடிக்கும். அடித்து ஓயும்வரை சட்டையைக்கூடக் கழற்றாமல் நிற்போம். ஐந்து நாள் அடித்தது. ஆறாம் நாள் சத்தம் இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு அதிகமாகப் பயமாக இருந்தது.

எனக்கும் லீவு கிடைத்திருந்தது. இன்னும் இரண்டு வாரத்தில் விமானம். நான் வந்த பிறகு பிறந்த என் சின்ன மகளுக்கு மூன்றரை வயது ஆகியிருந்தது. போட்டோவில் மட்டுமே பார்த்திருந்தேன். பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருக்கும், லீவில் போகும்போதுதான் கையில் கொடுப்பார்கள். நாங்கள் அதன் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருப்போம். நாலு வருஷத்தில் அந்த நகலை எத்தனை பேரிடம் கொடுத்திருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். போன் கடை, ஊருக்குச் சாமான் அனுப்பும் கார்கோ கடை, அவசரம் என்று கேட்டு வாங்கிய ஒரு பழைய அறைக்காரர். அவர் முகம்கூட நினைவுக்கு வரவில்லை.

நம் பெயரில் கேஸ் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? கேம்ப்பில் இதைத்தான் பேசினோம். ஊரில் மாதிரி தெரிந்த ஏட்டைக் கேட்க முடியாது. கம்பெனியின் விசா வேலைகளைப் பார்க்கும் ஆளைக் கேட்டால், இவன் என்ன செய்தான் என்று லீவையே நிறுத்திவிடுவார். போலீஸ் ஸ்டேஷனில் நேரே போய்க் கேட்கலாம், சொல்வார்கள். ஆனால் கேஸ் இருந்தால் கேட்டவனை அங்கேயே உட்கார வைத்துவிடுவார்கள். அதனால் கேம்ப்பில் ஒரு வழக்கம் இருந்தது. என் நகலை எடுத்துக்கொண்டு நீ போ, உன் நகலை எடுத்துக்கொண்டு நான் போகிறேன். கேஸ் இருந்தால் திரும்பி வந்து சொல்லிவிடலாம், ஆள் மாட்டமாட்டான்.

என் கட்டிலுக்குக் கீழ்க் கட்டில்காரன் ராமநாதபுரம் பக்கத்துப் பையன். பையன் என்றாலும் முப்பது வயது இருக்கும். எங்கள் கம்பெனிக்கு வருமுன் கராமாவில் ஒரு ஓட்டலில் சமையல்கட்டில் இருந்தவன். வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்கு மீன் குழம்பு வைப்பான். எனக்கு மட்டும் முள் எடுத்து வைப்பான், ஏனென்றால் ஒருமுறை முள் சிக்கி நான் யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் முழுக்க விழுங்கிக்கொண்டே இருந்தேன்.

"நம்ம ரெண்டு பேரும் மாத்திக்குவோம்ணே. மொதல்ல நீங்க என் பேப்பரக் கொண்டு போங்க, நான் எதுத்தாப்புல டீக்கடையில இருக்கேன். நீங்க வந்ததும் உங்க பேப்பரோட நான் போறேன்."

"எனக்கு அவங்க பாஷை வராதே தம்பி."

"ஒரே ஒரு வரிதான்ணே. 'மேரா ரூம்வாலா ஹை, கேஸ் ஹை கியா?' என் ரூம்காரன், கேஸ் இருக்கான்னு இந்தியில கேக்குறது, அவ்வளவுதான். அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் படிச்சீங்கல்ல, இத மனப்பாடம் பண்ண மாட்டீங்களா? வாயத் தொறந்தா முத்து உதுந்துராது."

எங்களுக்கு டூட்டி இல்லாத ஒரு நாள் காலையில் கிளம்பினோம். அந்தக் குளிர்காலத்தில் பனிமூட்டம் அதிகம். பஸ் ஜன்னலில் ஒன்றுமே தெரியவில்லை. துறைமுகத்தின் பெரிய கிரேன்கள் இருக்கும் இடத்தில் வெறும் வெள்ளை. எங்கோ கப்பல் ஊதியது. பஸ்ஸில் வழியெல்லாம் அந்த ஒரு வரியைச் சொல்லிக்கொண்டே வந்தேன். டீக்கடை வாசலில் நகல்களை மாற்றிக்கொண்டோம்.

ஸ்டேஷனுக்குள் ஆள் குறைவு. குளிர் எலும்பில் இறங்கியது. தரை கண்ணாடி மாதிரி இருந்ததால் எனக்குக் கீழே தலைகீழாக ஒருவன் கூடவே நடந்து வந்தான். டோக்கன் எண் மாறும்போதெல்லாம் ஒரு மணி இரண்டு முறை ஒலித்தது. என் எண் வந்தது.

கவுண்டரில் இருந்தவர் இளம் வயது, மரியாதையாகத்தான் பார்த்தார். நகலைக் கொடுத்தேன். மனப்பாடம் செய்த வரி வாயில் வரவில்லை. நகலுக்கு நகல் எடுத்து எடுத்து, அதில் இருந்த முகம் ஒரு கறுப்புத் தீற்றல், ஒரு மீசை, அவ்வளவுதான். எங்கள் எல்லாருடைய நகலிலும் அந்த முகம்தான். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விரலை என் பக்கம் நீட்டினார்.

"இன்த்த?"

நீயா என்று கேட்கிறார். நான் தலையாட்டிவிட்டேன்.

ஏன் ஆட்டினேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. சின்ன வயதிலிருந்தே யாராவது அதட்டாமல் கேட்டால்கூட நான் முதலில் தலையை ஆட்டிவிடுவேன். அவர் தட்டினார். திரை அவர் பக்கம் இருந்தது. அதன் வெளிச்சம் அவர் முகத்தில் நீலமாக விழுந்தது. கொஞ்ச நேரம் படித்தார். பிறகு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

ஒரு மணி நேரம் இருக்கும். வயதான அதிகாரி ஒருவர் வந்து உள்ளே ஓர் அறைக்குக் கூட்டிப் போனார். இந்தியில் மெதுவாகப் பேசினார்; நாலு வருஷத்தில் கேட்டால் புரியும், பேசத்தான் வராது. கராமாவில் ஒரு ஓட்டல் சமையல்கட்டு. ஒரு மத்தியானம். கூட வேலை செய்தவனைப் பின்னாலிருந்து இரும்புக் கரண்டியால் அடித்தாய். அவன் விழுந்த பிறகும் அடித்தாய். அவனுக்கு இப்போது ஒரு கண் தெரியாது. நீ ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போயிருக்கிறாய்.

"ஏன் அடித்தாய்?"

அவர் சொல்லச் சொல்ல எனக்கு அந்த இடம் தெரிந்தது. அடுப்பு தெரிந்தது, ஆணி தெரிந்தது. நான் மறந்துபோன எதையோ அவர் நினைவுபடுத்துவது மாதிரி இருந்தது. என் கைகளைப் பார்த்தேன். மேஜைமேல் இருந்தன. அவை என்ன செய்தன என்று ஒரு நிமிஷம் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அப்புறம்தான் மீனில் முள் எடுக்கும் விரல்கள் நினைவுக்கு வந்தன.

"வோ மே நஹி, சாப்." அது நான் இல்லை என்றேன். என் குரல் யாரோ பேசுவது மாதிரி கேட்டது. என் லேபர் கார்டை எடுத்து வைத்தேன். அவர் அதில் இருந்த போட்டோவையும் என்னையும் வெகுநேரம் பார்த்தார்.

"அப்புறம் ஏன் தலையாட்டினாய்?"

"பயம், சாப்."

"இந்தக் காகிதத்துக்காரன் எங்கே?"

மகளை நினைத்தேன். எதிரே டீக்கடையில் என்று சொல்லிவிட்டேன். அவனைக் காட்டிக்கொடுக்க எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கடைக்கு வெளியே இருந்த மேஜையில் இரண்டு கிளாஸ். ஒன்று காலி. இன்னொன்று எனக்காக வாங்கி, மேலே சின்னத் தட்டு போட்டு மூடி வைத்திருந்தது. தட்டின் அடியில் ஈரம் இருந்தது, டீயில் இன்னும் லேசாகச் சூடு இருந்தது. பனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அவன் இல்லை. என் நகலும் அவனோடு போய்விட்டது.

திரும்ப உள்ளே வந்ததும் வயதான அதிகாரி என் கார்டை எடுத்துத் தானே கம்ப்யூட்டரில் தட்டினார். நான் தேடி வந்தது அந்தத் திரையில் இருந்தது. அவர் படித்தார். கார்டை என்னிடம் நீட்டி, அடுத்தவன் காகிதத்தை இனிமேல் தொடாதே என்று மட்டும் சொன்னார். என் பேரில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்க வாயைத் திறந்தேன். வரவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

அவன் கேம்ப்புக்குத் திரும்பவில்லை. மறுநாள் போலீஸ் வந்து அவன் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை யாரும் மீன் வாங்கவில்லை. போகலாமா, டிக்கெட்டை மாற்றலாமா என்று தினமும் யோசித்தேன். வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை.

விமானத்துக்கு முந்தின நாள் பகலில் போன் அடித்தது. தெரியாத எண்.

"அண்ணே, உங்க பேருல ஒண்ணும் இல்லண்ணே. கேட்டுட்டேன். தைரியமாப் போங்க."

அவன் குரல். சாதாரணமாகத்தான் இருந்தது, குழம்புக்கு உப்பு போதுமா என்று கேட்கிற மாதிரி.

"தம்பி, எங்க இருக்க?"

போன் உடனே துண்டிக்கப்படவில்லை. அவனுக்குப் பின்னால் ஒரு மணி இரண்டு முறை ஒலித்தது. அந்த மணி எனக்குத் தெரியும். அப்புறம் லைன் போய்விட்டது. திருப்பிக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

எல்லாரும் தேடுகிற ஆள், என் காகிதத்தோடு, அந்தக் குளிர்ந்த கூடத்துக்குள் போயிருக்கிறான். கவுண்டரில் விரல் நீட்டி நீயா என்று கேட்டிருப்பார்கள். அவன் தலையாட்டியிருப்பான். அடுத்தவன் காகிதம் என்றிருந்தால் தொடாதே என்றிருப்பார்கள்; வேறு எப்படிச் சொல்லியிருப்பார்கள்? அங்கிருந்து வெளியே வந்தானா என்று எனக்குத் தெரியாது. வந்திருந்தால், எந்தப் பெயரோடு வந்தான் என்பதும் தெரியாது.

மறுநாள் விமான நிலையத்தில் வரிசை நீளமாக இருந்தது. என் முறை வந்தது. கவுண்டரில் இருந்தவர் பாஸ்போர்ட்டை வாங்கித் தட்டினார். திரை அங்கேயும் அவர் பக்கம்தான் இருந்தது. படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி படித்தார். எனக்குப் பின்னால் நின்றவர் மூச்சு விடுவது கேட்டது.

"இன்த்த?"

நான் தலையாட்டினேன்.

முத்திரை விழுந்தது.