தக்காளி போட்ட பதிவு

என் வலைப்பூவுக்கு நிரந்தர வாசகர்கள் நான்கு பேர். இதே கடலூரில் என் அம்மா, சிதம்பரத்தில் என் மாமியார், வீட்டில் என் கணவர், பிறகு யாரென்றே தெரியாத ஒருவர். அவர் எதற்கும் ‘அருமை’ என்று மட்டும் பின்னூட்டம் போடுவார். எங்கள் தெரு நாய் செத்ததை எழுதியபோதும் ‘அருமை’தான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பதிவு என்பது நானே எனக்குப் போட்டுக்கொண்ட விதி. மஞ்சக்குப்பத்து அலுவலகத்தில் வாரம் முழுக்க ‘மேற்படி பொருள் தொடர்பாக’ என்று யாருக்கோ பதில் எழுதுகிறேன். வீட்டில் நான் பேச ஆரம்பித்தால் பாதியில் குக்கர் விசில் அடிக்கும், இல்லை இவருக்கு போன் வரும். ஆரம்பித்ததை முடிக்க விடுகிற ஒரே இடம் அந்த வலைப்பூ. அதன்மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம்.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. பிச்சாவரத்தில் படகில் போனபோது இவர் உட்கார்ந்தபடியே தூங்கி, விட்ட குறட்டையில் கரையோரக் கொக்குகள் பறந்துபோனதை ரசித்து எழுதியிருந்தேன். இவருடைய ஆபீசில் யாரோ அதை எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

“சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்த கதையா இருக்குது. இன்னொரு பஞ்சாயத்து வந்துச்சுன்னா பிளாக்க மூடிடணும். சரியா?”

சரி என்றேன். கொக்குகள் பறந்தது உண்மை என்பதை மட்டும் சொல்லிவைத்தேன்.

இனி எதை எழுதுவது? சாமியை எழுதினால் சண்டை, கட்சியை எழுதினால் வேலைக்கே உலை. மழையை எழுதலாமென்றால் கடலூரில் அது விளையாட்டுப் பேச்சில்லை. புயலில் கூரை போனவர்கள் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் பக்கம் தலைவைத்தே படுக்கக் கூடாது. யோசித்து யோசித்து, யார் மனமும் நோகாத ஒன்றைக் கண்டுபிடித்தேன். கத்தரிக்காய். ‘சிதம்பரம் கொத்சு’ என்று தலைப்பிட்டு, என் அம்மா இட்லிக்கு வைக்கிற பக்குவத்தை, தக்காளி, பாசிப்பருப்பு உட்பட, விலாவாரியாக எழுதிப் போட்டேன். ‘அருமை’ உடனே வந்தது.

அதன் பின்னாலேயே மாமியாரின் போன். “நாளைக்கு லீவு போட்டுட்டு கெளம்பி வா” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

பேருந்து பி.முட்லூர் தாண்டும்வரை என் வலைப்பூவின் கடைசிப் பதிவை மனசுக்குள் எழுதிக்கொண்டே போனேன். அழுகையாக வந்தது.

போனதும் தட்டைப் போட்டு, சாதமும் கொத்சும் பரிமாறினார். புளியும் வறுத்தரைத்த மல்லியும் நல்லெண்ணெயுமாக, வந்த காரியமே மறந்துபோகும் ருசி.

“இதுல தக்காளி இருக்குதா?”

“இல்ல அத்த.”

“பருப்பு?”

“இல்ல அத்த.”

“அப்புறம் எப்பிடிம்மா எங்க ஊரு பேரப் போட்ட? ஒங்க வூட்டு கொத்சுக்கு தக்காளி போடுவீங்களான்னு பக்கத்து வூட்டம்மா கேக்குறாங்க. வெளிய தல காட்ட முடியல.”

“மூடிடறேன் அத்த. இன்னொரு பஞ்சாயத்து வந்தா மூடிடணும்னு, கொறட்டைய எழுதுனப்பவே இவரு சொல்லிட்டாரு.”

“அவன் கொறட்ட உடறது ஊருக்கே தெரியும். அதுல என்னா தப்பு? நீ பாட்டுக்கு மூடிட்டுப் போனா அந்தத் தக்காளிய யாரு எடுக்கறது? மறுப்பு எழுது. எம்புள்ளகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

திரும்பி வரும்போது ஜன்னலோர சீட்டு கிடைத்தது. ஞாயிறன்று ‘மேற்படி கொத்சு தொடர்பாக’ என்று ஆரம்பித்து, தக்காளியும் பருப்பும் போட்டது சிதம்பரம் கொத்சு ஆகாது என அறிவித்தேன். கொஞ்ச நேரத்தில் அம்மா கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

“அப்ப இத்தினி வருசமா நான் ஆக்கிப் போட்டது என்னாடி? ஒம் புருசன் தட்டு தட்டா வழிச்சுத் தின்னாரே, அத ஏன் எழுதல?”

இவர் முகத்தில் வெளிச்சம். “பஞ்சாயத்து வந்துடுச்சு பாத்தியா?” என்றார் மெதுவாக.

“என் மாமியாருக்கு மறுப்பு எழுதியாச்சு. உங்க மாமியாருக்கு எழுதக் கூடாதுன்னா, இந்தாங்க, நீங்களே சொல்லிடுங்க” என்று போனை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. “எழுதிக்கோ. நான் வழிச்சுத் தின்னத மட்டும் உட்டுடு” என்றார்.

அடுத்த ஞாயிறு அதைத்தான் முதல் வரியாக வைத்தேன்.