மாமன் கடிகாரத்தில் நல்ல நேரம்

மூன்று வருடங்களுக்கு முன், கீரமங்கலம் பக்கத்தில் உள்ள எங்கள் குலதெய்வக் கோயிலில் என் மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்! துபாயில் வேலை பார்க்கும் என் தம்பி அதற்காகவே நான்கு நாள் லீவு கேட்டு வாங்கியிருந்தான். "விடியக்காலை நாலரைக்கு ஃபிளைட்டுக்கா" என்றான். மிச்சக் கணக்கை நானே போட்டுக்கொண்டேன்.

அவன் துபாய் போனபோது டிக்கெட்டைப் பார்த்தவள் நான். ஏறுகிற நேரத்துக்கும் இறங்குகிற நேரத்துக்கும் இரண்டரை மணி நேரம்தான் வித்தியாசம். அறந்தாங்கி பஸ் போகும்போதும் வரும்போதும் ஒரே நேரம்தானே எடுக்கிறது, விமானத்துக்கு மட்டும் என்ன வந்தது? ஏழு மணிக்குத் திருச்சி, பத்து மணிக்குள் கோயில். பத்திரிகையில் 'பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள்' என்று நேரம் போடச் சொன்னதும் நான்தான்.

ஏழரைக்குப் போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். திருச்சிக்கு அனுப்பிய கார் டிரைவரோ, "துபாய் ஃபிளைட்டு பத்து மணிக்குத்தான்னு போர்டுல போட்டிருக்குங்க" என்றார். "அது வேற ஃபிளைட்டா இருக்கும், நல்லாப் பாருங்க" என்று அவரை அதட்டினேன்.

பதினொன்றரை ஆனது. ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். பந்தியில் பாதிப் பேர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டார்கள். "ஒங்க பெரியப்பா மகன் இருக்காருல்ல, அவரும் மாமன் முறைதான, அவரு மடியில வச்சுக் குத்திருவமே" என்றார் என் நாத்தனார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில் தம்பி போன் வந்தது. பத்து மணிக்கு இறங்கியவன், வரிசையெல்லாம் தாண்டி அப்போதுதான் வெளியே வந்திருந்தான். "பறக்குறதே நாலு மணி நேரம்க்கா. அங்கிட்டு மணி வேற, இங்கிட்டு மணி வேறல்ல!"

துபாய் மணி நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் என்பது தெரியாதவளா நான்? தினமும் அதைப் பார்த்துத்தான் அவனுக்குப் போனே போடுவேன். போகும்போது இரண்டரை மணி நேரமாகத் தெரிந்தது வரும்போது ஐந்தரை ஆகும் என்று கணக்குப் போட்ட அன்று மட்டும் தோன்றாமல், புத்தி புல் மேயப் போய்விட்டது.

ஒன்றேகாலுக்குக் கார் வந்து நின்றது. கசங்கிய சட்டையோடு இறங்கி ஓடி வந்தவனை யாரும் வாங்க என்றுகூடக் கேட்கவில்லை. மாமனை இன்னும் காணோமே என்ற கோபத்தில் என்னோடு பேசாமல் இருந்த என் மாமியார்தான் எழுந்து வந்தார்.

"தம்பி, ஒங்க கடியாரத்துல மணி என்ன?"

"பதினொன்னே முக்கால்ங்க அத்தை. துபாய் மணி, இன்னும் மாத்தலைங்க."

"பெறகென்ன? பத்திரிகையில பன்னெண்டுக்குள்ளன்னுதான போட்டுருக்கு. எந்த ஊரு மணின்னா போட்டுருக்கு? மாமன் மடியில குத்துறதுக்கு மாமன் மணிதான். ஆசாரி, குத்துங்க!"

கோயிலே சிரித்தது. என் மகள் மட்டும் வீறிட்டு அழுதாள். அவளோடு சேர்ந்து நானும் அழுதேன்.

என் பிறந்த வீட்டு மானத்துக்காகக் கடிகாரத்தையே பின்னால் தள்ளிக் கொடுத்த அந்த மாமியாரிடம், அதன் பிறகு என்னால் ஒரு சண்டையைக்கூட முழுசாகப் போட முடிந்ததில்லை.