ஏறாதவர்களின் டிக்கெட்

கண்டக்டரம்மாவால் எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. மாடிக்குப் போனால் படியை எண்ணுவார். துணி காயப்போட்டால் கிளிப்பை எண்ணுவார். வீட்டுக்காரர் நியாயம் பேச ஆரம்பித்தால், எத்தனை தடவை 'அதாவது' வந்தது என்று மனதுக்குள் கூட்டிவைத்துக்கொண்டு கடைசியில் சொல்வார்: "பதினேழு." அதோடு சண்டை முடிந்துவிடும்.

இந்தப் பழக்கம் பஸ்ஸில் வந்ததல்ல, ஓட்டுக் கம்பெனியில் வந்தது. ஊரிலிருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளி மூன்று சூளைகள், அவற்றை ஒட்டித் தொழிலாளர் குடியிருப்பு. அங்கேதான் அவர் பிறந்தார். பதினெட்டு வயதில் ஈர ஓடு அடுக்கும் வேலைக்குப் போனார். அடுக்குக்கு ஐம்பது. ஒன்று கூடினால் அடி ஓடு நசுங்கும், ஒன்று குறைந்தால் மேஸ்திரி கத்துவார். எட்டு வருடம் ஐம்பது ஐம்பதாக எண்ணிய பிறகு, பொட்டலம் கட்டி வந்த காகிதத்தில் ஒரு விளம்பரத்தைப் பார்த்து கண்டக்டர் வேலைக்கு எழுதிப்போட்டார். அந்த டிப்போவில் அவர்தான் முதல் பெண் கண்டக்டர். முதல் நாளே ஒருவர், "கூட்டத்துல நசுங்கிடப் போறீங்கம்மா" என்று சிரித்தார்.

"அடியில இருக்கிற ஓடுதாங்க நசுங்கும். நான் மேல நின்னுக்கிறேன்" என்றார் கண்டக்டரம்மா.

வேலை கிடைத்து, கல்யாணமும் ஆகி, டிப்போவுக்குப் பக்கத்திலேயே குடிவந்துவிட்டார். பிறந்த வீட்டில் இப்போது தங்கை இருந்தாள். அவளும் ஓடு அடுக்குகிறவள்தான்.

பதினாலு வருடமாக ஒரே ரூட். காலை ஐந்து மணிக்கு பஸ் ஸ்டாண்டில் எடுத்தால் அரசு மருத்துவமனை, மொத்தக் காய்கறிச் சந்தை, அரசு ஊழியர் குவார்ட்டர்ஸ், மதகு, கடைசியாக ஓட்டுக் கம்பெனி. ஆறு மணி ஷிப்டுக்கு ஊரிலிருந்து போகிறவர்களால் வண்டி பிதுங்கும். திரும்பும்போது காலியாக வரும். அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை.

பிறகு அந்த வருடம் வந்தது. நாட்டுக்கே கஷ்டகாலம் என்று செய்தித்தாளில் கொட்டை எழுத்தில் போட்டார்கள். ஆனால் கண்டக்டரம்மா பார்த்த வரையில் கஷ்டம் எல்லா ஸ்டாப்பிலும் ஏறவில்லை. குவார்ட்டர்ஸில் அதே ஒன்பது பேர், அதே இஸ்திரி போட்ட சட்டை, ஒன்றாம் தேதியானால் அதே முகமலர்ச்சி. மருத்துவமனை ஸ்டாப்பில் கூட்டம் கூடியது. தனியார் டாக்டரிடம் போய்க்கொண்டிருந்தவர்களும் இங்கே வந்து வரிசையில் நின்றார்கள். பஸ் ஸ்டாண்டு வாசலில் செருப்புத் தைக்கிறவருக்கு நிமிர நேரமில்லை, எதிரே செருப்புக் கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். யாரும் வீடு கட்டவில்லை, அதனால் ஓடு போகவில்லை. மூன்று சூளைகளில் இரண்டை அணைத்துவிட்டார்கள்.

ஐந்து மணி வண்டி காலியானது. தங்கைக்கும் வேலை போனது. சந்தையில் தக்காளி தரம் பிரிக்கிற வேலை கிடைத்தது. ஐந்தரை மணிக்குள் அங்கே இருக்க வேண்டும், பிந்தினால் இடம் போய்விடும். பஸ்ஸோ ஐந்தரைக்குத்தான் குடியிருப்புக்கே வந்து சேரும். ஆகவே நாலு மணிக்குக் கிளம்பி நடந்தாள். அவள் மட்டுமல்ல. மருத்துவமனையில் தரை துடைக்க, சந்தையில் மூட்டை தூக்க, ஓட்டலில் பாத்திரம் கழுவ என்று குடியிருப்பில் பாதி நடந்தது.

தினமும் காலையில் நடந்தது இதுதான்: உள்ளே விளக்கெல்லாம் எரிய, ஆளில்லாத பஸ் ஊரைவிட்டு வெளியே போகும். எதிரே சாலை ஓரமாக ஜனங்கள் ஊரை நோக்கி நடந்து வருவார்கள். ஹெட்லைட் பட்டதும் கண்ணுக்குக் கை மறைத்துக்கொள்வார்கள். அதில் ஒரு கை தங்கையுடையது.

"நாம அந்தப் பக்கம் போறோம், அவங்க இந்தப் பக்கம் வர்றாங்க. யாருக்கும்மா பைத்தியம்?" என்றார் டிரைவர். எங்கே தங்கினாலும் சொந்தத் தலையணை இல்லாமல் படுக்க மாட்டார் என்பதால் டிப்போவில் அவருக்குத் தலகாணி என்று பெயர். கண்டக்டரம்மா மட்டும் அண்ணன் என்பார்.

"எழுதி வச்ச டைம்படியே ஓட்டுற நமக்குத்தாண்ணே."

அன்றைக்கு எண்ண ஆரம்பித்தார். டிக்கெட் மெஷின் வந்து வருடங்கள் ஆகியும், டிக்கெட்டில் ஓட்டை போடும் பழைய பஞ்ச் கருவியை அவர் பையைவிட்டு எடுத்ததில்லை. மெஷினில் மிஞ்சும் காகிதத் துண்டை இடது கையில் பிடித்துக்கொண்டு, எதிரே நடக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு ஓட்டை போட்டார். க்ளிக், க்ளிக். ஒரு நாளுக்கு ஒரு துண்டு, பின்பக்கம் தேதி.

பதினோராவது நாள் குவார்ட்டர்ஸில் செக்கர் ஏறினார். முப்பது வருட சர்வீஸ், வாசனையிலேயே திருட்டைக் கண்டுபிடிப்பேன் என்கிறவர். வண்டியில் ஒரு பயணிகூட இல்லை. கண்டக்டர் கையிலோ ஓட்டை போட்ட காகிதம்.

"என்னம்மா இது?"

"நடக்கிறவங்க சார்."

"டிக்கெட் யாருக்குக் குடுத்தீங்க?"

"யாருக்கும் குடுக்கலை சார். ஏறாதவங்களுக்குப் போட்டது."

செக்கர் அவரையும் காலி சீட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏறினவங்களுக்குப் போடாம விட்ட கண்டக்டரைப் பிடிச்சிருக்கேன். ஏறாதவங்களுக்குப் போட்டவங்களை இப்பத்தான் பாக்குறேன்" என்று சொல்லி, அங்கேயே மெமோ எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.

மறுநாள் மேனேஜர் முன்னால் நிற்க வேண்டி வந்தது. அவர் மேஜையில் மெமோவுக்குப் பக்கத்தில் இன்னொரு தாள் இருந்தது. தலைகீழாகப் படிப்பது கண்டக்டர்களுக்குக் கைவந்த கலை. ஐந்து மணி டிரிப் வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து ரத்து, கையெழுத்து மட்டும் பாக்கி. அந்த டிரிப் போனால் குடியிருப்புக்குக் காலையில் வண்டியே இல்லை. தங்கைக்குக் கால் இருக்கிற வரைக்கும்தான் வேலை.

மெமோவுக்குப் பதில் சொல்வதற்குப் பதிலாகத் துண்டுகளை மேஜையில் ஒவ்வொன்றாகப் பரப்பினார். "அறுபத்தொண்ணு, அம்பத்தெட்டு, அறுபத்துநாலு. ஞாயித்துக்கிழமை மட்டும் முப்பது. மெஷின்ல ஏறினவங்க கணக்குத்தான் சார் வரும். எதிர்ல வந்தவங்க கணக்கு இதுல இருக்கு. வண்டியைத் திருப்பி விடுங்க. ராத்திரி கம்பெனியிலயே நிறுத்திட்டு, நாலரைக்கு ஊரைப் பாத்து எடுப்போம்."

மேனேஜர் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "நடக்கிறவங்க ஏறுவாங்கன்னு என்ன நிச்சயம்?"

"ஏழு கிலோமீட்டரை யாரும் ஆசைக்கு நடக்க மாட்டாங்க சார்."

"ஹால்ட் போட்டா டிரைவருக்குப் படுக்க ரூம் வேணும். தண்ணி வேணும், கக்கூஸ் வேணும். அது இல்லாம யூனியன் விடாது."

"கம்பெனியில டைம்கீப்பர் ரூம் சும்மா கிடக்கு. நான் கேக்கிறேன். எனக்கு எங்க வீடு இருக்கு."

மேனேஜர் ரத்துத் தாளின் மேல் பேனாவை வைத்தார். "ஒரு வாரம். தினமும் நாப்பது டிக்கெட்டாவது கிழியணும். ஞாயித்துக்கிழமையை விட்டுடறேன். மத்த நாள்ல ஒண்ணு குறைஞ்சாலும் இதுல கையெழுத்து போட்டுடுவேன். அப்புறம் இந்த மெமோவும் நிக்கும்." செக்கரைக் கூப்பிட்டு, "முதல் நாள் நீங்களே போய்ப் பாருங்க" என்றார்.

டைம்கீப்பர் அறையைக் குடியிருப்பே கூடிக் கழுவி வெள்ளையடித்தது. தலகாணி அண்ணன் தலையணையோடு வந்து இறங்கி, கட்டிலை ஒருமுறை அழுத்திப் பார்த்து, "என் வீட்டைவிட சுத்தமா இருக்கே, சொல்லிடாதீங்க" என்றார். செக்கருக்கும் அங்கேயே ஒரு கட்டில் போட்டார்கள்.

கண்டக்டரம்மா தங்கை வீட்டில் படுத்தார். காலையில் எழுந்து பார்த்தால் தங்கை தலைவாரி, சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் நின்றாள்.

"இருடி, சேர்ந்து போலாம்."

"நீ போய் வண்டியை எடுக்கா. நான் வந்துடறேன்" என்று முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு நடந்தாள்.

நாலு இருபத்தெட்டு. கம்பெனி கேட் எதிரே வண்டி உறுமிக்கொண்டு நின்றது. ஏறியவர்கள் மூன்று பேர். கால் வீங்கிய ஒரு பெரியவர், மாசமாக இருக்கும் பெண், அவளுக்குத் துணையாக அவள் அண்ணி. தெருவில் வேறு ஆள் இல்லை. வீடுகளில் விளக்கும் இல்லை. தங்கையையும் காணோம்.

முன்சீட்டில் செக்கர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஓட்டை நிறைய இருந்துச்சு. ஆள் எங்கம்மா?"

கண்டக்டரம்மாவுக்குக் காது சூடானது. பதினாலு வருடத்தில் அவர் கணக்கு ஒரு நாளும் தப்பியதில்லை. சொந்த ஜனங்களே கைவிட்டுவிட்டார்களா? கூடப்பிறந்தவளுமா?

"எடுக்கட்டுமா?" என்றார் டிரைவர், வழக்கமான கேலி இல்லாமல்.

"எடுங்கண்ணே. நேரம் நேரம்தான்."

வண்டி கிளம்பியது. வளைவு திரும்பி மதகுப் பக்கம் ஹெட்லைட் விழுந்ததும் டிரைவர், "அடேங்கப்பா!" என்று பிரேக்கில் காலை வைத்தார்.

மதகுச் சுவரை ஒட்டி வரிசையாக நின்றார்கள். தூக்குகள், துடைப்பங்கள், சும்மாடாகச் சுற்றிய துண்டுகள். பழகிய அதே கைகள் வெளிச்சத்துக்கு எதிராக உயர்ந்தன, இந்தத் தடவை வண்டியை நிறுத்த.

"ஏன் இங்க நிக்கிறீங்க? கம்பெனி வாசல்லயே ஏறக்கூடாதா?" என்று செக்கர் ஜன்னல் வழியாகக் கத்தினார்.

மூட்டை தூக்குகிற ஒருவர் படியில் கால் வைத்துக்கொண்டே சொன்னார்: "மதகுல ஏறினா ஒரு ஸ்டேஜ் காசு கம்மி சார். எட்டு நிமிஷ நடை. ஒன்றரை மணி நேரம் நடந்த காலுக்கு எட்டு நிமிஷம் ஒரு நடையா?"

கண்டக்டரம்மா மெஷினில் மதகு ஸ்டேஜை அழுத்தினார். இந்த ரூட்டின் ஒவ்வொரு ஸ்டேஜும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மதகில் ஸ்டேஜ் மாறுவது தெரியாதா? தெரியும். ஆனால் அது அவருக்கு அழுத்த வேண்டிய ஒரு பட்டன், அவ்வளவுதான். கையில் ஸ்டாஃப் பாஸ். பதினாலு வருடம் டிக்கெட் கொடுத்தவர், ஒரு நாளும் டிக்கெட் வாங்கியதில்லை. கஷ்டம் தொடாதவர்கள் என்று குவார்ட்டர்ஸ்காரர்களைப் பற்றி நினைத்தது தன் மேலும் கொஞ்சம் ஒட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தார்.

தங்கை ஏறினாள். சரியான சில்லறையை முன்கூட்டியே உள்ளங்கையில் எடுத்து வைத்திருந்தாள்.

"ஏண்டி சொல்லலை?"

"சொன்னா நீ கைக்காசைப் போட்டு கம்பெனி வாசல்லயே ஏத்துவே. எத்தனை பேருக்குப் போடுவே? டிக்கெட்டைக் குடுக்கா, பின்னாடி ஆளு நிக்குது."

கொடுத்தார். அதன்பின் நிமிரவில்லை. உள்ளே போங்க, உள்ளே போங்க, தூக்கை சீட்டுக்கு அடியில வையுங்க, ஐயா அந்தத் துடைப்பத்தை டிரைவர் முகத்துல வைக்காதீங்க. குரல் பழைய நாட்களைப்போல் கணீரென்று வந்தது. ஐம்பத்தைந்து சீட்டும் நிறைந்தது. செக்கர் தானாகவே எழுந்து ஒரு அம்மாவுக்கு இடம் விட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கண்டக்டரம்மா அவரைத் தாண்டும்போது நின்று, முகத்தில் சிரிப்பே இல்லாமல், "சார், டிக்கெட்?" என்றார். பஸ்ஸே சிரித்தது. செக்கரும் தோற்றவர்போல் பாக்கெட்டைத் தட்டிக்காட்டி, "பாஸ்மா, பாஸ்" என்றார்.

குவார்ட்டர்ஸில் ரயிலுக்குப் போகிற ஒருவர் பெட்டியோடு ஏறி, படியிலேயே மாட்டிக்கொண்டார். "என்னம்மா இது, இந்த வண்டியில எப்ப இருந்து இவ்வளவு கூட்டம்? நாட்டுல என்னதான் நடக்குது?"

"இவ்வளவு நாளா இவங்கதான் சார் நடந்தாங்க. தள்ளி நில்லுங்க" என்று விசில் ஊதினார் கண்டக்டரம்மா.

ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்க வண்டி சந்தைக்கு வந்தது. தக்காளி லாரி இன்னும் தார்ப்பாயைக்கூட அவிழ்க்கவில்லை. தங்கையும் கூட்டாளிகளும் இறங்கி, இருக்கிறதிலேயே வெளிச்சமான இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்கள். சந்தை மேஸ்திரி கொட்டாவியோடு வந்து, "என்னடி, ராத்திரி இங்கயே படுத்துட்டீங்களா?" என்றார்.

"பஸ்ல வந்தோம்ணே" என்றாள் தங்கை, விமானத்தில் வந்தவள்போல.

பஸ் ஸ்டாண்டில் மெஷினைக் கணக்கு முடித்தபோது எழுபத்திரண்டு காட்டியது. செக்கர் அந்த எண்ணை இரண்டு முறை சரிபார்த்துத் தன் தாளில் எழுதினார். அதற்குக் கீழே, யாரும் கேட்காமலேயே இன்னொரு வரி சேர்த்தார்: குடியிருப்பையும் மதகையும் ஒரே ஸ்டேஜாக்கப் பரிந்துரைக்கப்படுகிறது. மீதி நாட்களில் ஒன்றிலும் எண்ணிக்கை அறுபதுக்குக் கீழே இறங்கவில்லை. ரத்துத் தாளை மேனேஜர் கிழித்துப் போட்டார், மெமோவையும் சேர்த்து. ஸ்டேஜ் மாற ஐந்து மாதம் ஆனது. அது வேறு மேஜை.

ஐந்து மாதமும் வண்டி கம்பெனி வாசலில் மூன்று பேரோடு கிளம்பி மதகில்தான் நிறைந்தது. ஸ்டேஜ் மாறிய அன்று காலை, ஜனங்கள் பழக்கத்தில் மதகுக்கு நடந்துவிடாமல் இருக்கக் கண்டக்டரம்மா நாலு மணிக்கே எழுந்து தெருவில் நின்று விசில் ஊதினார். வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரிந்தது. அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.