நடுக்கோட்டைத் தாண்டிய கால்

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. வீடு தாராவியில், படித்தது மாட்டுங்காவில் ஒரு பெண்கள் பள்ளியில். பள்ளியின் கோ-கோ அணிக்கு நான்தான் கேப்டன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண் என் வகுப்புத் தோழி. தினமும் ஒன்றாகவே பள்ளிக்கு நடந்து போவோம். பத்தடி ஓடினால் அவளுக்கு மூச்சு இழுக்கும். அதனால் மைதானத்தின் ஓரமாக உட்கார்ந்து ஸ்கோர் எழுதுவாள். எழுதி எழுதியே ஆட்டத்தின் விதிகள் அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். இதைக் கவனித்த மராத்திக்கார அம்பயர் ஒருவர், ஒரு விசிலைக் கொடுத்து அவளைப் பழக்கினார். தாதரில் நடக்கும் அம்பயர் பரீட்சையை எழுதச் சொன்னார். அன்று வீடு வரும்வரை அவளுக்கு அதே பேச்சுதான்.

"ஏட்டி, ஓட முடியாட்டாலும் மைதானத்துக்குள்ள நிக்கலாம், பாத்தியா!"

வீட்டில் மட்டும் அவள் மூச்சு விடவில்லை. பெண் பிள்ளை விசிலடித்தால் எங்கள் ஆட்களுக்கு அதைவிடப் பெரிய மானக்கேடு கிடையாது. அவள் அப்பா தோல் பட்டறையில் வேலை பார்த்தவர், பொல்லாத கோபக்காரர்.

ஒருநாள் வேறொரு பள்ளியோடு பயிற்சி ஆட்டம். ஒரு பாதி மைதானத்தை அந்த அம்பயர் பார்த்துக்கொண்டார், மறு பாதியில் இவளை நிறுத்தினார். கடைசி நிமிடம். இன்னும் ஒருத்தியைத் தொட்டால் எங்களுக்கு ஜெயம். பாய்ந்து தொட்டேன். உடனே இவள் விசிலை ஊதினாள். என் கால் நடுக்கோட்டைத் தாண்டிவிட்டது, ஃபவுல், அவுட் கிடையாது என்றாள். தோற்றுப் போனோம்.

"கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு?" என்று எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"நீ தாண்டிட்ட. நான் பாத்தேன்," என்றாள் மெதுவாக.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. காலைக்கூடக் கழுவாமல் நேரே அவள் வீட்டுக்குப் போனேன். "மாமா, ஒங்க மக ஆம்பளைங்க நடுவுல நின்னு விசிலடிக்கா. ஊரே வேடிக்க பாக்கு," என்று போட்டுக் கொடுத்தேன். நாலு திட்டு வாங்கட்டும் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.

அவர் திட்டவே இல்லை. விசிலைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தார். மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை. பரீட்சை நாளன்று அந்த அம்பயர் என்னிடம், உன் தோழி ஏன் வரவில்லை என்று கேட்டார். காய்ச்சல் என்று புளுகினேன். அந்த மாதமே அவளைத் திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கேயே கல்யாணமும் முடிந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கிளம்பும் நாளில், டிரங்குப் பெட்டியோடு வாசலில் நின்றவள் என்னைக் கூப்பிட்டாள். ஏன் சொல்லிக் கொடுத்தாய் என்று அவள் கேட்கவில்லை.

"ஏட்டி, நெசமாச் சொல்லு. அன்னிக்குத் தாண்டினியா, இல்லியா?"

நான் வாயே திறக்கவில்லை. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவே இல்லை.

அன்று அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கால் கழுவியபோது, என் குதிகாலில் நடுக்கோட்டுச் சுண்ணாம்பு வெள்ளையாக ஒட்டியிருந்தது. இன்று டி.வி.யில் ஒரு பெண் அம்பயர் விசில் ஊதினால், "தாண்டினேன்ட்டி, தாண்டத்தான் செஞ்சேன்" என்று என்னையறியாமல் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்க வேண்டியவள் எங்கே இருக்கிறாளோ, எனக்குத் தெரியாது.