கோட்டை வாசலில் கழற்றிய சப்பாத்து

ஒரு சோடி கறுப்புச் சப்பாத்து. விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர்களுக்குக் கொடுக்கும், முன்பக்கம் இரும்பு வைத்த பாரமான சப்பாத்து. கூரையில்லாத ஒரு கோட்டையின் வாசலுக்கு வெளியே, சுவரைப் பார்த்தபடி ஒழுங்காக ஒட்டி வைக்கப்பட்டிருக்கும். அத்தானை நினைத்தால் அவருடைய முகத்துக்கு முன்னால் எனக்கு அந்தச் சப்பாத்துத்தான் வரும்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். லண்டனில், ஹவுன்ஸ்லோவில் வீடு. கோடை விடுமுறை வந்தால் எங்கள் எல்லாரையும் வேனில் அள்ளிப் போட்டுக்கொண்டு, சோற்றுப் பார்சலும் கட்லட்டும் பிளாஸ்கில் தேத்தண்ணியுமாக, லண்டனுக்கு வெளியே ஒரு சிறு பட்டணத்துக்குப் போவார். அங்கே குன்றின் உச்சியில் அந்தப் பழைய கோட்டை. கடற்கரைக்குப் போவோம் என்று பிள்ளைகள் கத்துவார்கள். மனுசன் கேட்டால்தானே!

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு அறிவித்தல் பலகை இருக்கிறது. அதை ஒவ்வொரு வருசமும் நான் அவருக்குத் தமிழில் சொல்லவேண்டும். ராசா ஒருவன் கட்டினான். பிறகு பிரபுக்கள் இருந்தார்கள். அவர்கள் விட்டுப் போனபின் கூரை விழுந்தது. ஊர்ச்சனம் கல்லைக் கழற்றிக்கொண்டுபோய்த் தங்கள் வீடுகளுக்குச் சுவர் எழுப்பியது. மிஞ்சியதை நகரக் கவுன்சில் வாங்கி, அகழிக்குள் பூப்பாத்தி போட்டு, சனத்துக்குத் திறந்துவிட்டது. எல்லாவற்றையும் கேட்டு முடித்து, "கடைசியா இருந்த ஆக்கள் திரும்பி வரேல்லையோ?" என்பார். அது பலகையில் இல்லை. "வந்திருந்தா எங்களை உள்ளுக்கு விடுவினமே, அத்தான்?" என்று நான் பகிடி விடுவேன். அவர் குனிந்து சப்பாத்தைக் கழற்றுவார். உள்ளே புல்லும் ரோசாச் செடிகளும்தான். "எண்டாலும் ஒருத்தற்றை வீடு, மச்சாள்."

ஒருமுறை, ஆரோ விட்டுவிட்டுப் போனதென்று நினைத்துத் தோட்டக்காரர் அந்தச் சப்பாத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அத்தான் காலுறையோடு குன்றிறங்கித் தோட்டக்காரரின் கந்தோர் அறையைத் தேடிப் போனதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். அக்காவுக்கு வந்த கோபம்! "கோயிலெண்டு நினைச்சீங்களோ?" என்று ஹவுன்ஸ்லோ வரும்வரை பேசிக்கொண்டே வந்தா.

காரணம் எங்கள் எல்லாருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தில், வலிகாமம் வடக்கில் அத்தான் கட்டிய வீடு, குடிபுகுந்து ஒரு மாரிகூடக் கழியமுன் இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. அந்த வாசலுக்குள் திரும்பவும் ஒருநாள் காலடி வைக்கவேண்டும். ஷிப்டுக்கு மேல் ஷிப்டாகப் பெட்டி தூக்கிய மனுசனை நிமிர்த்தி வைத்திருந்தது அந்த ஆசை ஒன்றுதான்.

கனகாலத்துக்குப் பிறகு இராணுவம் காணியைத் திருப்பி விட்டது. தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அந்தக் கோடையும் கோட்டைக்குத்தான் போனோம். அந்த முறை பலகையை வாசிக்கச் சொல்லவில்லை. வாசலுக்கு முன்னால் நின்றார்.

"புல்டோசரால தள்ளி நிரவிப்போட்டாங்கள், மச்சாள். ஒரு கல்லும் இல்லை. வாசல் எந்தப் பக்கமெண்டே பிடிபடேல்லை. செருப்பை எங்கை கழட்டுறதெண்டு எனக்குத் தெரியேல்லை."

சொல்லிவிட்டுக் குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். கயிற்றை அவிழ்க்க அன்றைக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

இப்போது அத்தான் இல்லை. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், கடற்கரைக்குப் போகிறார்கள். இந்த வருசம் என் வீட்டிலிருந்து பஸ்ஸும் ரயிலும் மாறி நான் மட்டும் போனேன். பாத்திகளில் புதுப் பூக்கள் நட்டிருந்தார்கள். பலகையையும் மாற்றிவிட்டார்கள். கடைசியாக இருந்தவர்களைப் பற்றி அதிலும் ஒரு சொல் இல்லை. என் மனம் அத்தானைத் தேடியது, கடுமையாகத் தேடியது. என் சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு உள்ளே போனேன். புல் ஈரமாயிருந்தது. திரும்பி வந்து பார்த்தபோதுதான் கண்டேன், பக்கத்தில் இன்னொரு சோடி வைக்க இடம் விட்டு வைத்திருக்கிறேன்.